மாமா பிடித்து வந்த எதிரொலிப் பெட்டி

மாமா,

இன்று காலை என் கிட்டார் பெடலின் சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்தது. பேட்டரியைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளையும் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன். சுள்ளென்று இழுக்கவில்லை. புளித்த மோர் பட்டதுபோல் லேசாக உறைத்தது, அவ்வளவுதான். உடனே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அறையில் தனியாக உட்கார்ந்து நாக்கை நீட்டிக்கொண்டு சிரிக்கிற பெண்ணை யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ. நீங்கள் இருந்திருந்தால், "இங்க குடு அம்மிணி, நானும் பாக்கறேன்" என்று கையை நீட்டியிருப்பீர்கள்.

ஒன்பது வோல்ட் பேட்டரியில் உயிர் இருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்க்க உங்களுக்குக் காட்டியது நான்தான். கிட்டார் வாசிக்கிறவர்கள் பலரும் செய்கிற காரியம் அது. முதல்முறை உங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அதன்பிறகு நீங்கள் அடங்கவில்லை. கடிகாரத்துப் பேட்டரி, ரிமோட் பேட்டரி என்று வீட்டில் இருந்த எதையும் விட்டுவைக்கவில்லை. இதிலெல்லாம் உறைக்காது மாமா என்று சொன்னால், எனக்கு உறைக்கிறதே என்பீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் மகனுடைய பொம்மைக் காரின் பேட்டரியைக் கொண்டுவந்து உங்களிடம் சோதித்து வாங்கிப் போனதும் நடந்தது.

மோகனூரிலிருந்து மேச்சேரிக்கு நான் மருமகளாக வந்தபோது சீர்வரிசைச் சாமான்களோடு ஒரு கிட்டாரும் வந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் இது எதற்கு என்று அம்மா கடைசிவரை போராடினாள். உங்கள் மகன் அதை வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. போர்வெல் ரிக் வண்டியில் மேலாளர் வேலை அவருக்கு. சத்தீஸ்கர் பக்கம் போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். அத்தை நான் வருவதற்கு வெகுநாள் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆக, அந்த வீட்டில் நீங்கள், நான், நீங்கள் விற்க மனமில்லாமல் வைத்திருந்த சில ஆடுகள். வாழ்நாள் முழுக்க ஆட்டுச் சந்தையில் தரகு பார்த்தவர் நீங்கள். முழங்கால் வலி வந்து தொழிலைக் குறைத்துக்கொண்ட பிறகும் சந்தை நாளன்று சட்டை மடிப்புக் கலையாமல் கிளம்பிவிடுவீர்கள்.

ஆட்டுத் தீவனத்துக்குக் கடலைக்கொடி அடுக்கி வைத்திருந்த அறையை எனக்கு ஒழித்துக் கொடுத்தீர்கள். முழுக்க ஒழிக்க வேண்டாம், பாதிக் கொடி இருக்கட்டும், அது சத்தத்தை உறிஞ்சும் என்று நான் சொன்னதும் நீங்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. காதில் ஹெட்போன் போட்டு வாசித்தால் வெளியே இருப்பவருக்குக் கம்பியின் 'டிக் டிக்' மட்டும்தான் கேட்கும். மருமகள் சத்தமில்லாத ஒன்றை வாசித்து, அதற்குத் தலையையும் ஆட்டுகிறாளே என்று நீங்கள் சில நாள் பயந்திருக்கிறீர்கள். பிறகு ஒருநாள் நானே உங்கள் காதில் ஹெட்போனை மாட்டினேன். அது காதில் இருக்கும்போது நாம் பேசுவது நமக்கே கேட்காது என்பது உங்களுக்குத் தெரியாது. "நெம்ப நல்லாத்தான் இருக்குது சாமி" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் தெருக்கோடி வீட்டில் கதவைத் திறந்து பார்த்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் என் கல்லூரித் தோழன் ஒருவன் வற்றிப்போன கிணறு ஒன்றைப் பற்றிக் குறும்படம் எடுத்திருந்தான். பின்னணி இசை செய்து தருகிறாயா, சம்பளம் உண்டு என்று கேட்டான். இசைக்குச் சம்பளம் தருகிறேன் என்று என்னிடம் ஒருவர் சொன்னது அதுவே முதல் தடவை. குதித்துக்கொண்டு செய்து அனுப்பினேன். உயிரில்லை, எல்லாம் கம்ப்யூட்டர் வாடை அடிக்கிறது என்று திருப்பி அனுப்பினான். மறுபடி செய்தேன். அதையும் திருப்பினான். இன்னொரு முறை பார்க்கலாம், அதுவும் சரிவரவில்லையென்றால் சென்னையில் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன், தப்பாக நினைக்காதே என்றான். அவன்மேல் கோபமே வரவில்லை எனக்கு. அவன் சொன்னது சரி என்று என் காதுக்கே தெரிந்தது. இந்த வேலையும் போய்விட்டால், அம்மா சொன்னதுபோல் கிட்டாரை உறையில் போட்டு பீரோமேல் ஏற்றிவிடுவது என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

இட்லி சாப்பிடும்போது உங்களிடம் இதைச் சொன்னேன். அழக்கூடாது என்றுதான் இருந்தேன், சட்னியைப் பார்த்துக்கொண்டே பேசினேன். நீங்கள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

"தொழில்னா சாமானம் வேணுமல்லோ. என்ன சாமானம் கொறையுது, அதைச் சொல்லு" என்றீர்கள்.

தொழில் என்றீர்கள் மாமா. என் வீட்டில் அதை ஆசை என்பார்கள், பொழுதுபோக்கு என்பார்கள், கோபம் வந்தால் கிறுக்கு என்பார்கள். அதைத் தொழில் என்று ஒருவர் சொல்லி நான் முதலில் கேட்டது அந்த இட்லித் தட்டின் முன்னால்தான்.

பெடல் என்றால் என்னவென்று உங்களுக்கு விளக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கிட்டாருக்கும் ஒலிப்பதிவுக்கும் நடுவில் வைக்கிற, உள்ளங்கை அகல இரும்புப் பெட்டி. காலால் மிதித்தால் வேலை செய்யும். ஒன்று ஒலியைக் கரகரக்க வைக்கும், ஒன்று அலைய வைக்கும், ஒன்று எதிரொலி கொடுக்கும். எனக்கு வேண்டியது எதிரொலி. அதைக் கம்ப்யூட்டரிலேயே செய்யலாம், அதைத்தான் தோழன் வாடை என்கிறான். பழைய அனலாக் பெட்டிக்குள் கணக்குப் போடுகிற மூளை கிடையாது. வரிசையாக ஆட்கள் நின்று வாளி வாளியாகத் தண்ணீர் கைமாற்றுவதுபோல் ஒலி கைமாறிக் கைமாறிப் போகும். போகப் போகக் கொஞ்சம் சிந்தும். அந்தச் சிந்தல்தான் அழகு. இதைச் சொன்னதும் உங்களுக்குப் புரிந்துவிட்டது. அப்படியானால் பழைய சாமானாகவே பார்ப்போம் என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் போனை வாங்கிக்கொண்டீர்கள்.

புதியது வாங்க நமக்குக் கட்டாது. வெளிநாட்டுப் பெடல்களின் விலையைப் பார்த்து நீங்கள், இந்த விலைக்குக் கிடாயே பிடிக்கலாம் என்றீர்கள். பெங்களூரில் கையால் செய்து தருகிறவர்கள் இருந்தார்கள், ஆனால் வரிசையில் காத்திருக்க வேண்டும். மிச்சம் இருந்தது பழைய பொருள் விற்கிற விளம்பரங்கள். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து அவற்றை நாம் ஒன்றொன்றாகத் தள்ளிப் பார்த்த அந்த வாரம், சந்தேகமில்லாமல் சொல்கிறேன், இந்த வீட்டில் எனக்கு மிகவும் சந்தோஷமாகப் போன வாரம். மேலே மட்டும் படம் எடுத்தவனை நம்பமாட்டீர்கள். அடியையும் காட்டச் சொல்லு என்பீர்கள். ஈரோட்டுக்காரர் ஒருவர், வாசித்துப் பார்க்க விடமாட்டேன், வேண்டுமானால் வாங்கு என்றார். ஓட்டிப் பார்க்காமல் ஆடு பிடிக்கச் சொல்கிறான் என்று நீங்கள் அவரோடு சண்டைக்கே போய்விட்டீர்கள். ஆத்தூரில் ஒரு நல்ல பெட்டி இருந்தது. பச்சை வண்ணம், ஒரு கீறல் இல்லை. சாயம் அடித்து வயசை மறைக்கிறான் என்று ஒரே பிடியாக நின்றீர்கள். அது கம்பெனி வண்ணமே அதுதான் மாமா என்று நான் எவ்வளவு சொல்லியும் நடக்கவில்லை. மறுநாள் அது விற்றுப்போயிருந்தது. அன்று முழுக்க உங்களோடு நான் பேசவில்லை. ரசத்தில் உப்புப் போடாமல் வைத்ததும் தெரிந்தேதான்.

கடைசியில் மல்லசமுத்திரத்தில் ஒன்று கிடைத்தது. இன்ஜினியரிங் முடித்த இளைஞன் ஒருவன் வெளிநாடு போகிறான் என்பதால் தன் வாத்தியச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தான். கிட்டாரை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனோம். வழியெல்லாம் உங்கள் உபதேசம் ஒன்றே ஒன்று: பிடித்திருந்தாலும் முகத்தில் காட்டாதே. சரி சரி என்று தலையாட்டினேன். அவர்கள் வீட்டுக் கூடத்தில் பெட்டியை இணைத்து, ஒரே ஒரு கம்பியை மீட்டினேன். ஒலி போய், திரும்பி வந்து, இன்னொரு முறை சற்றே மங்கி வந்து, கிணற்றடியில் யாரோ பதில் சொல்வதுபோல் தேய்ந்தது. என் முப்பத்திரண்டு பல்லும் வெளியே தெரிந்தன. நீங்கள் இருமினீர்கள். பலமாக இருமினீர்கள். என்னால் வாயை மூட முடியவில்லை.

எவ்வளவு சொல்றீங்க தம்பி என்று கேட்பீர்கள் என்று நினைத்தேன். தோளிலிருந்த துண்டை எடுத்து உங்கள் கைமேல் போட்டு, அந்தக் கையை இளைஞன் பக்கம் நீட்டினீர்கள். சந்தையில் தரகர்கள் விலை பேசுவது அப்படித்தான். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பிடித்தே கேட்பார்கள், கொடுப்பார்கள். சுற்றி நிற்பவர் காதில் விலை விழாது. பாவம், அவன் இதைக் கண்டானா? ஏதோ வாழ்த்துச் சொல்கிறீர்கள் என்று கையை உள்ளே விட்டுக் குலுக்கினான். நீங்கள் அவன் இரண்டு விரலைப் பிடித்து அமுக்கவும் அவனுக்குக் கூச்சம் தாங்கவில்லை, நெளிந்து சிரித்தான். நான் கிட்டாருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

மோர் கொண்டுவந்த அவனுடைய அம்மா நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கையை ஒழுங்கா நீட்டு கண்ணு, வெல பேசறாங்க. உங்கப்பாரு இப்படித்தான் மாடு புடிப்பாரு" என்றார். அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. எந்த விரல் எதைக் குறிக்கும் என்று மகனுக்குப் பக்கத்திலிருந்தே சொல்லிக் கொடுத்தார். நீங்களும் பொறுமையாகக் காத்திருந்தீர்கள். பிறகு துண்டுக்கு அடியில் நிஜமாகவே ஒரு பேரம் நடந்தது. உங்கள் புருவம் உயர்ந்தது, அவன் உதட்டைப் பிதுக்கினான், நீங்கள் கையை உதறுவதுபோல் பாவனை செய்தீர்கள், அவன் பிடித்து இழுத்தான். கடைசியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினீர்கள். இடுப்புப் பையிலிருந்து நீங்களே கொடுத்தீர்கள், என்னைக் கொடுக்க விடவில்லை. என்ன விலைக்கு முடிந்தது என்று பஸ்ஸில் கேட்டேன். துண்டுக்குள் பேசியதை வெளியே சொல்லக்கூடாது என்றீர்கள். இன்றுவரை எனக்கு அந்த விலை தெரியாது.

அவர்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது நீங்கள் இன்னொரு காரியம் செய்திருந்தீர்கள். அது எனக்கு வீடு வந்து சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. பையைத் திறந்தால் பெட்டி இருக்கிறது, அதற்கு மின்சாரம் கொடுக்கிற அடாப்டரைக் காணோம்.

"கவுறு அவங்களுதல்லோ சாமி. கழட்டி அந்தத் தம்பி கையிலயே குடுத்துட்டேன்."

ஆட்டை விற்றாலும் கயிற்றை விற்கமாட்டார்கள். விற்றவர் கயிற்றை உருவிக்கொள்வார், வாங்கியவர் தன் கயிற்றில் கட்டி ஓட்டிப்போவார். நான் அந்த அம்மாவிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தபோது, பெட்டியின் பின்னால் தொங்கிய ஒயரைப் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் கண்ணுக்கு அது கயிறாகத்தான் தெரிந்திருக்கிறது. அவனும் ஏன் எதற்கு என்று கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறான். அதற்குள் அவன் உங்களிடம் அவ்வளவு பழகியிருந்தான். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. தோழன் கொடுத்த கெடு மறுநாள் சாயங்காலம். நீங்கள் ரேடியோவின் அடாப்டரை எடுத்து வந்தீர்கள். அதன் முனையில் கூட்டல், கழித்தல் குறிகள் இடம் மாறியிருந்தன. செருகினால் பெட்டி கருகிவிடும். பஸ் ஸ்டாண்ட் கடையில் சதுரப் பேட்டரி ஒன்று கிடைத்தது, எப்போது வந்த சரக்கோ. அங்கேயே கடைக்காரர் முன்னால் நாக்கில் வைத்துப் பார்த்தோம். முதலில் நான், அப்புறம் நீங்கள். உங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது அப்போதுதான்.

மறுநாள் மத்தியானம் பதிவுக்கு உட்கார்ந்தேன். ஆடு கத்தினால் பதிவில் விழுந்துவிடுமோ என்று நீங்கள் அவற்றை ஏரிக்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனீர்கள். கொடி வாசத்தோடு அறை புழுங்கியது. திருப்பித் திருப்பி வாசித்தேன், எதுவும் திருப்தியில்லை. பொழுது சாயத் தொடங்கும்போது ஒருவழியாகக் கை படிந்தது. சரி, இதுதான் என்று கண்ணை மூடி வாசித்துக்கொண்டு போகிறேன், எதிரொலி மாறுகிறது. கண்ணைத் திறந்தால் பெட்டியின் விளக்கு மங்கிக்கொண்டிருந்தது. பேட்டரி இறங்குகிறது. வேறு பேட்டரி இல்லை, ஓடிப்போய் வாங்கவும் நேரமில்லை. இனி என்ன ஆனாலும் ஆகட்டும் என்று நிறுத்தாமல் வாசித்தேன். திரும்பி வந்த ஒவ்வொரு ஒலியும் முந்தியதைவிடக் கருத்து, தளர்ந்து, கொஞ்சம் தள்ளாடிக் கீழே இறங்கியது. கடைசிச் சுரம் போனது, திரும்பி வரவில்லை. விளக்கு அணைந்திருந்தது.

கெட்டுப்போயிற்று என்றுதான் நினைத்தேன். நீங்கள் ஆடுகளோடு திரும்பியதும் உங்கள் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டேன். கடைசிவரை கேட்டீர்கள். அதைக் கழற்றிவிட்டுத்தான் பேசினீர்கள், மெதுவாக.

"அந்தக் கடைசியில ஒரு எடம் வருது பாரு. ஆடு மொழங்காலை மடக்கிப் படுக்குமல்லோ, அதாட்ட இருக்குது. அதைத் தொடாத. அப்படியே அனுப்பு."

அனுப்பினேன். பெருமாள் கோயிலில் நடை திறக்கக் காத்திருப்பதுபோல் நாம் இருவரும் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தோழன் அழைத்தான். இதுதான், இதேதான், எந்த மென்பொருளில் அந்த எதிரொலியைப் பிடித்தாய் என்று கேட்டான். மேச்சேரி பஸ் ஸ்டாண்ட் பேட்டரி என்றேன். அவன் அதை ஏதோ புது மென்பொருள் என்று எண்ணிக்கொண்டான். நீங்கள் எழுந்து போய், பதிவுக்காக மத்தியானமெல்லாம் ஏரிக்கரையில் நின்ற ஆடுகளுக்குக் கைநிறைய அகத்திக்கீரை போட்டீர்கள்.

அதற்கப்புறம் அடாப்டர் வாங்கினேன், வேறு பெடல்களும் வந்தன. ஆனால் அந்த ஒலிக்குச் செத்துக்கொண்டிருக்கும் பேட்டரிதான் வேண்டும். நாக்கால் பதம் பார்த்து ஜன்னலில் அவற்றை வரிசையாக வைப்பது உங்கள் வேலையாயிற்று. பல்லைப் பார்த்து ஆட்டுக்கு வயசு சொல்வதுபோலவே பேர் வைத்தீர்கள். புதியது பால்பல்லு, பாதி ஓடியது நாலு பல்லு, இறங்கிக்கொண்டிருப்பது பல்லு விழுந்தது. மாமா, ஒரு பல்லு விழுந்தது குடுங்க என்று நான் உள்ளேயிருந்து கேட்பதும், நீங்கள் எடுத்து வருவதுமாக எத்தனை வேலை முடித்தோம்.

அந்தக் கிணற்று இசையை உங்கள் போனில் அழைப்பு மணியாக வைத்துத் தரச் சொன்னீர்கள். ஆடு படுக்கிற அந்த இடம் கட்டாயம் அதில் வரவேண்டும் என்றீர்கள். எப்படி வெட்டினாலும் அது மணியின் கடைசியில்தான் வந்தது. அதனால் உங்களுக்கு ஒரு பழக்கம் ஆகிவிட்டது. போன் அடித்தால் எடுக்கமாட்டீர்கள். அந்த இடம் வந்தபிறகுதான் எடுப்பீர்கள், பாதி நேரம் அதற்குள் அழைப்பே நின்றுவிடும். சந்தையில் எல்லோரும் திட்டுவார்களாம். நீங்கள் ஒற்றை விரலைக் காட்டி அவர்களை நிறுத்துவீர்களாம்.

போன ஐப்பசியில், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. ரிக் வண்டி நின்ற ஊரிலிருந்து உங்கள் மகன் வந்து சேர்ந்தார். சாவு வீட்டில் பாட்டு, கூத்து எதுவும் சிறிது நாளைக்குக் கூடாது என்று உங்கள் தங்கை முதலிலேயே என்னிடம் சொல்லிவிட்டார். நானும் அந்த அறைக் கதவைச் சாத்தி வைத்தேன். கூடம் நிறைய ஆட்கள், ஒரு சத்தமில்லை. அப்போது உங்கள் போன் அடித்தது.

சட்டைப்பையில் வைத்திருந்த உங்கள் மகன் அதை வெளியே எடுத்தார். சேதி தெரியாத யாரோ சந்தைக்காரர் அழைத்திருக்கிறார். என் கிட்டார் ஒலி அந்தக் கூடத்தில் மெல்ல மெல்ல எழுந்தது. நான் பதறிப்போய் உங்கள் தங்கையைப் பார்த்தேன். அவர் வாயைத் திறக்கப் போனார். உங்கள் மகன் ஒற்றை விரலைக் காட்டினார். என் இசையைப் பற்றி நல்லது கெட்டது எதுவும் ஒரு நாளும் சொல்லாத மனுஷன், உங்களைப் போலவே விரலைக் காட்டிக்கொண்டு நின்றார். சந்தையிலிருந்து வந்திருந்தவர்கள் தலை குனிந்து காத்திருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் அது மனப்பாடம். அந்த இடம் வந்தது. தளர்ந்து, மடங்கி, கீழே இறங்கியது. அப்புறம்தான் அவர் எடுத்துப் பேசினார். அன்று பொழுது போகும்வரை அந்தப் போன் அடித்துக்கொண்டே இருந்தது, ஒரு தடவைகூட அந்த இடம் வருவதற்கு முன்னால் அவர் எடுக்கவில்லை. நான் செய்ததை அத்தனை பேர் ஒன்றாக உட்கார்ந்து கேட்டது அன்றுதான் மாமா. எனக்கு அழுகையோடு அழுகையாகப் பெருமையாகவும் இருந்தது. அதை உங்களிடம் மறைப்பானேன்.

இப்போது வேலை தொடர்ந்து வருகிறது. விளம்பரம், குறும்படம், ஒரு தொடருக்கான தலைப்பு இசை. யார் கேட்டாலும், வீட்டிலிருந்தே தொழில் செய்கிறேன் என்று கூசாமல் சொல்கிறேன். ஒவ்வொன்றையும் அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை தனியாக உட்கார்ந்து கேட்பேன். அழைப்பவர் காத்திருந்தாலும் பரவாயில்லை, இது வரட்டும் என்று ஒருவர் போனை எடுக்காமல் நிற்கும்படியான ஓர் இடம் இதில் இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் மறுபடி வாசிக்க உட்கார்ந்துவிடுகிறேன்.